கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு

போர்வைக்குள் மூக்கை இழுத்து வைத்துக்கொண்டு படுத்திருந்த சங்கரநயினாருக்கு, வீட்டில் ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் தெரிந்தது. என்னது என்று பிடிபடவில்லை. மூக்குக்கண்ணாடி இருக்கிறது, மாத்திரை டப்பா இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே எட்மன்டன் ஊர் பூராவும் பனி கொட்டிக் கிடக்கிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. சத்தம். தரையில் சல்லடை மாதிரி ஓர் ஓட்டை வைத்து, அதன் வழியாக உஸ்ஸென்று அனல்காற்று வருமே, கனடாவுக்கு வந்து இறங்கின நாளிலிருந்து ராவும் பகலும் காதுக்குள்ளேயே குடியிருக்குமே, அந்த உஸ்ஸைக் காணோம். கட்டிலில் இருந்தபடியே கையைக் கீழே நீட்டி ஓட்டையின் மேல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. தகரம்தான் சில்லென்று இருந்தது. நின்றுபோயிற்றா, நிறுத்திவிட்டார்களா? இந்த இரண்டாவது கேள்வி வந்ததும் எழுந்திருக்கப் போன மனுஷர் மறுபடி படுத்துவிட்டார். ஏனென்றால் வீட்டில் இப்போது இருப்பது இரண்டே பேர். மேலே இவர், பெண்ணைப் பெற்றவர். கீழே அணைஞ்சபெருமாள், பையனைப் பெற்றவர், பாளையங்கோட்டையில் தாசில்தாராக இருந்து ரிடையர் ஆனவர், ஜீப்பிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தால் தாலுகா கச்சேரியே எழுந்து நின்ற மனுஷர். மகள் பூரணிக்குப் பிரசவமாகி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இவர் சம்சாரம் வடிவு கூடவே இருக்கிறாள், மாப்பிள்ளை நவநீதன் மூன்று பேரையும் கூட்டிவரக் காலையிலேயே கார் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று பேர் என்றால் மூன்றாவது ஆள் பேத்தி. நினைக்கவே உள்ளே யாரோ கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி இருந்தது. சரி, ரெண்டு கிழவனுங்க இருக்கிற வீட்டுக்கு எதுக்கு இம்புட்டு அனல் என்று சம்பந்தி குறைத்து வைத்திருந்தால்? அவர் மகன் வீடு, அவர் மகன் காசு கட்டுகிற கேஸு. பெண்ணைக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதே கூச்சமாக இருக்கிறது, ஒரு தோசை போதும் போதும் என்று எழுந்து, அப்புறம் யாரும் பார்க்காதபோது அடுக்களைக்குள் பிஸ்கட் தின்னுகிற பிழைப்பு, இதில் போய் அனல் வேறு கேட்பதா. கேட்கக் கூடாது. செத்தாலும் கேட்கக் கூடாது. சாகத்தான் போகிறோம் போலிருக்கிறது, கால் விரல் பத்தில் நாலைந்திடமிருந்து தபாலே வரவில்லை.

அனல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்த அந்த நிமிஷத்தில்தான் அவருக்குப் பகீரென்றது. அனல் வருவது நிலவறையிலிருந்து. நிலவறையின் மூலையில் ஒரு சின்ன அறை, அதற்குள் பீரோ மாதிரி நிற்கிற ஒரு தகரப் பெட்டி, ஃபர்னஸ் என்பார் மாப்பிள்ளை, அதற்குப் பக்கத்தில் வெந்நீர் டாங்கி. அந்த அறையில் அவருடைய பட்டாப்பட்டி காய்கிறது. நீலக்கோடு போட்ட பட்டாப்பட்டி டவுசர், சங்கரன்கோவிலில் துணி எடுத்துத் தைத்தது, முழங்கால் வரைக்கும் வரும், இடுப்பில் நாடா. அதில் ஒரு குற்றமும் கிடையாது, நாற்பது வருஷம் பூகோளம் நடத்தினதெல்லாம் வேட்டிக்குள் அதைப் போட்டுக்கொண்டுதான். வினை எங்கே வந்ததென்றால் இந்த வீட்டில் துணி துவைக்கிற மிஷினில். வடிவுக்கு என்ன, அள்ளிப் போடுவாள், எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு ஒரு பொத்தானை அமுக்குவாள், அது துவைத்து, இன்னொன்று காய வைத்து, கடைசியில் சுடச்சுட அள்ளி மடிப்பது யார் என்றால் மாப்பிள்ளை. வந்த வாரமே ஒருநாள் கட்டிலைப் பார்க்கிறார், நீலப் பட்டாப்பட்டி நாலாக மடித்து, நாடாவைச் சுருட்டி மேலே வைத்து, பட்டுச்சேலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மாமா, இந்தக் காட்டன் நல்ல சாஃப்ட் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார் மாப்பிள்ளை. பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்று இருந்தது. பூமியும் பனியால் மூடிக்கொண்டு கிடக்கிறது, எங்கே பிளக்க. மறுநாளிலிருந்து விடியக்காலம் குளிக்கிறபோதே தானே கசக்கிப் பிழிந்து, துண்டுக்குள் ஒளித்து, பூனை நடையாகக் கீழே போய் அந்த அறையில் காயப் போட்டுவிடுவார். ரெண்டு மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். முதல்நாள் அந்தப் பீரோவின் தகரக் கதவை லேசாகத் தூக்கி அதன் இடுக்கில் செருகலாமே என்று பார்த்தார், கதவு பெயர்ந்து கையோடு வந்தது, பயந்து அமுக்கிவிட்டு, டாங்கிக்குப் பின்னால் ஒரு கம்பி இருப்பதைக் கண்டுபிடித்து அதில் போட்டார். இன்றைக்கு எதில் போட்டோம்? கம்பியில்தான். கம்பியில்தானா? பேத்தி வருகிற சந்தோஷத்தில் நினைப்பே இல்லையே, கால் போன போக்கில் போய், கை போன போக்கில் செருகிவிட்டு வந்திருந்தால்? அடக் கூறுகெட்டவனே, சங்கரநயினாரு, ஒரு டவுசரைக் கொண்டு ஒரு வீட்டையே அணைச்சிட்டியே.

எழுந்து ஸ்வெட்டரைப் போட்டார், அதன்மேல் சால்வை, அதன்மேல் போர்வை. கீழே வந்தால் சோபாவில் அணைஞ்சபெருமாள் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, கோட்டு மேல் கோட்டு போட்டு, நேராக நிமிர்ந்து பழைய தமிழ்ப் பத்திரிகை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். கைகள் மட்டும் பத்திரிகையோடு சேர்ந்து தந்தி அடித்துக்கொண்டிருந்தன. “வாங்க சம்பந்தி, தூக்கமெல்லாம் ஆச்சா,” என்றார். “ஆச்சு சம்பந்தி, அருமையான தூக்கம்.” “காப்பி போடட்டுமா?” “உங்களுக்கு எதுக்குச் சிரமம், நான் போடுதேன்.” “சேச்சே, நீங்க உக்காருங்க.” ரெண்டு பேரும் எழுந்து, ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்தால் புகை வந்தது, ரெண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். ஒருவேளை இவுகளுக்கு உண்மையிலேயே குளிரவில்லையோ, தாசில்தார் உடம்பே வேற மாதிரியோ, என்று சங்கரநயினார் நினைத்துக்கொண்டிருக்கையில் அணைஞ்சபெருமாள் தொண்டையைச் செருமினார். “இன்னைக்குக் கொஞ்சம் காத்தோட்டமா இருக்கில்ல?” என்றார். காத்தோட்டம்! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சங்கரநயினார் கரையேறினார். “ஆமா, லேசா. லேசாத்தான். நீங்க குறைச்சு வச்சிருக்கீகளோன்னு நெனச்சேன்.” “நானா? நான் நீங்க குறைச்சிருக்கீகன்னுல்லா நெனச்சேன். வாத்தியார் வீடு, சிக்கனம் இருக்கும், அவுக மனசு நோகப்படாதுன்னு வாயத் தொறக்காம உக்காந்திருக்கேன் ரெண்டு மணி நேரமா.” ரெண்டு மணி நேரம்! அந்த ரெண்டு மணி நேரமும் இவர் மேலே விறைத்துக்கொண்டு கிடந்தார், அவர் கீழே விறைத்துக்கொண்டு இருந்தார், நடுவில் மரியாதை மட்டும் கதகதவென்று இருந்திருக்கிறது. ரெண்டு பேரும் சுவரில் இருக்கிற சின்னப் பெட்டியிடம் ஓடினார்கள். இருபத்திரண்டு என்று எப்போதும் எரிகிற நம்பரைக் காணோம், கண்ணாடி கறுத்துக் கிடந்தது. அணைஞ்சபெருமாள் ஒரு விரலால் தட்டினார். சங்கரநயினார் ரெண்டு விரலால் தட்டினார். பாட்டரியாக இருக்கும் என்று பின்பக்கம் கழற்றிப் பார்த்தால் பாட்டரி போடுகிற இடமே இல்லை, வயர்தான் சுவருக்குள் போயிற்று. அந்த வயர் கீழே போகிறது, வேறெங்கே போகும், எல்லாம் கீழேதான் போகிறது, டவுசர் காய்கிற இடத்துக்குத்தான் போகிறது. “கேஸு வருதான்னு பாப்பம்,” என்று அடுக்களை அடுப்பைத் திருகினார் சம்பந்தி. நீலமாக எரிந்தது. “கேஸு இருக்கு. கரண்டு?” விளக்கு எரிகிறது. குழாயில் வெந்நீர் வருகிறது. எல்லாம் இருக்கிறது, அனல் மட்டும் இல்லை. “அப்ப கோளாறு கீழ அந்த மிஷின்லதான்,” என்றார் அணைஞ்சபெருமாள். “இருக்காது, இருக்காது,” என்றார் சங்கரநயினார் அவசரமாக. சொன்ன பிறகு தனக்கே அசடு வழிந்தது. இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்.

அந்த நேரம் பார்த்து வடிவு போனில் கூப்பிட்டாள். “ஏங்க, கையெழுத்தெல்லாம் போட்டாச்சு, கிளம்பப் போறோம். வீட்ட நல்லாச் சூடா வச்சிருங்க, என்ன? பச்சப்புள்ள வருது, வெளிய அடிக்கிற குளிரு எலும்பத் தொளைக்கு. அண்ணாச்சி சாப்பிட்டாகளா?” “சாப்பிட்டாக, சாப்பிட்டாக.” “குரலு ஏன் நடுங்குது?” “சந்தோஷம் வடிவு, சந்தோஷம்.” போனை வைத்தார். மாப்பிள்ளையிடம் சொல்லலாமா என்று சம்பந்தி கேட்டார், அவரே வேண்டாம் என்றும் சொன்னார், பனிச்சறுக்கலில் வண்டி ஓட்டுகிற பையனிடம் வீடு செத்துக் கிடக்கிறது என்று சொன்னால் கை பதறாதா. ரிப்பேர்க்காரருக்கு ஒரு நம்பர் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. அணைஞ்சபெருமாள் தாசில்தார் இங்கிலீஷில், தலைப்பு, பொருள், பார்வை எல்லாம் வைத்து, பிறந்த குழந்தை வருகிறது என்று அடிக்கோடும் போட்டுப் பேசினார். ஊரெல்லாம் இப்படித்தான் கூப்பிடுகிறார்களாம், சாயங்காலத்துக்கு மேல்தான் ஆள் வருமாம். சாயங்காலம் வரை இந்த வீடு என்ன ஆகும், வெந்நீர்க் குழாயே உறைந்துவிடும். பிள்ளையை எங்கே கொண்டுபோவது, வாசலோடு திருப்பி ஓட்டலுக்கா? உலகத்துக்கு வந்து முதல்முதலாகத் தன் வீட்டு வாசலை மிதிக்கிற பிள்ளையை, உள்ளே வராதே தாயீ, தாத்தா அணைச்சுப்போட்டேன் என்று திருப்பி அனுப்புவதா. பூரணி இப்படியா பிறந்தாள். கத்திரி வெயில், சங்கரன்கோவில் தர்மாஸ்பத்திரி, கரண்டு போய்விட்டது, தொட்டில் துணியெல்லாம் கொதிக்கிறது, இவர் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அட்டையை வைத்துக்கொண்டு மத்தியானம் பூராவும் விசிறினார். கை விட்டுப்போயிற்று, நிறுத்தவில்லை. காத்துக்கு அலைந்தோம் அப்போது. வெப்பக்காற்று மேலே ஏறும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும், பிள்ளைகளா எழுதிக்கோங்க, என்று வருஷா வருஷம் போர்டில் அம்புக்குறி போட்டதுதான் மிச்சம். ஏறுவதற்கு இங்கே வெப்பக்காற்றே இல்லை, வாத்தியாரே, போங்க, கீழே இறங்கிப் பாருங்க.

“வாங்க சம்பந்தி, நாமளே பாப்பம்,” என்று அணைஞ்சபெருமாள் நிலவறைக் கதவைத் திறந்தார். “நீங்க எதுக்கு, நான் பாத்துட்டு வாறேன், நீங்க முழங்கால் வலிக்காரரு,” என்று சங்கரநயினார் முந்தினார். “அதெப்படி, உங்கள மட்டும் அனுப்பிட்டு நான் மேல இருக்கதா, நீங்க இருங்க, நான் போறேன்.” என்ன ஆச்சரியம் என்றால் சம்பந்தியும் தனியாகப் போவதிலேயே குறியாக இருந்தார். படிக்கட்டு குறுகல், ஒருத்தர் இறங்குகிற அகலம், ரெண்டு பேரும் ஒருக்களித்து, தோளோடு தோள் உரசி, நீங்க முன்னால போங்க என்று வாயால் சொல்லிக்கொண்டே காலால் முந்திக்கொண்டு இறங்கினார்கள். இறங்க இறங்கச் சங்கரநயினாருக்குக் குளிர் போய் வேறொரு நடுக்கம் பிடித்துக்கொண்டது. இப்போது பார்க்கப்போகிறார். கதவிடுக்கில் நீலக்கோடு தொங்கப்போகிறது. இது என்னது சம்பந்தி என்று கேட்பார். என்ன பதில்? சொல்லவே மாட்டார், அதுதான் இன்னும் மோசம், ஒரு பார்வை பார்ப்பார், ஊருக்குப் போய்த் தம்பி வீட்டில் சொல்வார், தம்பி அடுத்த வீட்டில் சொல்வான், பிள்ளை பிறந்த அன்னைக்குப் பொண்ணோட அப்பன் டவுசரைக் காயப்போட்டு வீட்டையே குளிர வச்ச கதை தெரியுமா என்று பாளையங்கோட்டை பூரா சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். பிள்ளை சூடாக இருந்தால் போதும். எசக்கியம்மா, என் மானத்தை எடுத்துக்கோ, அனலைக் குடு என்று வேண்டிக்கொண்டார், வேண்டிக்கொண்ட மறுநிமிஷமே, மானத்தையும் கொஞ்சம் விட்டுவைக்க முடியுமான்னு பாரு தாயீ என்று சேர்த்துக்கொண்டார். கரண்டுப் பெட்டி படிக்கட்டின் அடியிலேயே இருந்தது. அதைத் திறந்து சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தடவினார்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஒழுங்காக இருந்தன, அவர் வகுப்புப் பிள்ளைகள்கூட அத்தனை ஒழுங்கு கிடையாது. சுவரில் ஃபர்னஸுக்கென்று சிவப்புத் தட்டு வைத்த ஒரு சுவிட்சு, அதுவும் போட்டபடியே இருந்தது. ஒன்றொன்று சரியாக இருக்க இருக்கத் தப்பிக்க வழி குறைந்துகொண்டே வந்தது. மிச்சம் இருப்பது அந்த அறை ஒன்றுதான். ரெண்டு பேரும் அறை வாசலில் நின்றார்கள். விளக்குச் சங்கிலியை யாரும் இழுக்கவில்லை. “இருட்டா இருக்கே,” என்றார் சம்பந்தி. “ஆமா, நல்ல இருட்டு,” என்றார் இவர். கடைசியில் பச்சைப்பிள்ளையை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சங்கரநயினாரே சங்கிலியை இழுத்தார்.

கண்ணைத் திறந்தபோது பீரோவின் தகரக் கதவு மேற்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. இடுக்கில் ஒரு பட்டாப்பட்டி செருகித் தொங்கிக்கொண்டிருந்தது. போச்சு என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் மனசு ஒரு இடத்தில் தட்டிற்று. பச்சைக்கோடு. நன்றாகப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பச்சைக்கோடுதான். இவரிடம் பச்சையே கிடையாது, வடிவுக்குப் பச்சை ஆகாது. அப்படியென்றால், ஆத்தாடி, அப்படியென்றால், தாசில்தார்! மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அணைஞ்சபெருமாள் குரங்குக் குல்லாவுக்குள் முகம் இவ்வளவுண்டாகச் சுருங்கிப்போய், விறகு மாதிரி நின்றார். பெஞ்சாதி தவறிப்போய் ஏழெட்டு வருஷமாகிறது அவருக்கு. இங்கே மிஷினில் துணி போடுவது வடிவு. சம்பந்தியம்மா கையில் தன் பட்டாப்பட்டியைக் கொடுக்க முடியுமா அந்த மனுஷரால்? செத்தாலும் முடியாது. கச்சேரியே எழுந்து நின்ற மனுஷர், மகன் வீட்டில் விடியக்காலம் பூனை நடையாக இறங்கி வந்து ஒளித்துக் காயப் போட்டிருக்கிறார். ஐயோ பாவமே என்று சங்கரநயினாருக்கு நெஞ்சு இளகிவிட்டது. சந்தோஷமும் வந்தது, மறைப்பானேன், அப்பாடா நாம இல்லை என்று உள்ளே ஒருத்தன் குதித்தான். ஆனால் அவனை ஓரங்கட்டிவிட்டு இவர் எட்டு வைத்துப் போய் அந்தப் பச்சையை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டு, “அடச்சே, என்னுதுதான் சம்பந்தி, மறந்தாப்ல செருகிட்டேன், என் தப்பு, மன்னிச்சிருங்க,” என்றார். சொன்னதும் உடம்பே லேசாகிவிட்டது. பையனைப் பெற்றவர் மானம் போகக் கூடாது, போகிற மானம் ஏற்கெனவே பழகின மானமாக இருக்கட்டும். அணைஞ்சபெருமாள் அவரைப் பார்த்தார். கையில் சுருட்டினதைப் பார்த்தார். பிறகு டாங்கிப் பக்கம் கையை நீட்டினார். “இது உம்மதுன்னா, அந்தா கம்பியில நீலக் கொடி கணக்கா ஒண்ணு பறக்கே, அது யாருது வே?”

நீலப் பட்டாப்பட்டி கம்பியில் ஒரு மடிப்புக் கலையாமல் காய்ந்துகொண்டிருந்தது. “நீரு போடுததப் பாத்துட்டுத்தான்வே எனக்கே இந்த யோசனை வந்தது,” என்றார் தாசில்தார். “நாலஞ்சு நாளா நடக்கு. நீரு எடுத்துட்டுப் போன பெறகு நான் போடுவேன். இன்னைக்கு ரெண்டு பேருக்கும் பேத்தி வருத அவசரம், நான் வந்து பாத்தா உம்மது கம்பி பூரா அடைச்சிட்டுக் கெடக்கு. நான் எங்கன போட?” முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஒருத்தர் நிறுத்தினால் மற்றவர் கையிலிருக்கிற பச்சையைக் காட்ட, மறுபடி சிரித்தார்கள். வந்து இத்தனை நாளில் ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேராகப் பார்த்தது அப்போதுதான். “சவத்த விடும், கதவப் பிடியும்,” என்றார் அணைஞ்சபெருமாள். அவர் அடிப்பக்கம் தூக்கிக் கொடுக்க, இவர் மேல்பக்கம் கொக்கியில் மாட்டி உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். உள்ளே ஏதோ ஒரு சின்னப் பொத்தான் அமுங்குகிற சத்தம் டொக்கென்று கேட்டது. கதவு சரியாக மூடினால்தான் கரண்டே உள்ளே போகும் போலிருக்கிறது, பிள்ளை இருக்கிற வீட்டில் யாரும் திறந்து கையை விட்டுவிடக் கூடாது என்று வைத்திருப்பார்கள், நல்ல புத்தி, வைத்தவன் நன்றாக இருக்கட்டும். கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடிக்குள் ஒரு விளக்கு சிமிட்டிற்று. பிறகு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. “என்ன வே?” என்றார் அவர் மெதுவாக. “பொறும் வே,” என்றார் இவர். சம்பந்தியை வே என்று சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை, பெட்டிக்குள் முதலில் ஒரு முனகல், பிறகு டிக் டிக் டிக், பிறகு பக்கென்று தீ பிடித்தது. அந்தக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்கள், ரெண்டு தலையும் முட்டிக்கொண்டது. வரிசையாக நீலத் தீ, அவர் ஆயுசில் அவ்வளவு அழகான வரிசையைப் பார்த்ததில்லை. “எரியுது வே!” “எரியுதுல்லா!” கொஞ்ச நேரம் கழித்து உஸ்ஸென்று காற்றும் கிளம்பிற்று.

ரெண்டு பட்டாப்பட்டியையும் சுருட்டிக்கொண்டு மேலே ஓடினார்கள், ஆளுக்கொரு அறையில் பெட்டிக்கடியில் பதுக்கினார்கள். சுவர்ப்பெட்டியில் நம்பர் வந்துவிட்டது, பார்த்தால் பதினொன்று, அடேயப்பா. சங்கரநயினார் மேல் அம்புக்குறியை ஓர் அமுக்கு அமுக்கினார், அணைஞ்சபெருமாள் ஓர் அமுக்கு அமுக்கினார், பத்தாது வே என்று இன்னும் ரெண்டு. எங்கே போய் நின்றது என்று யாரும் பார்க்கவில்லை. அப்புறம் ரெண்டு பேரும் வரவேற்பறையில் தரையில் இருக்கிற ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று முதலில் வெதுவெதுப்பாக, பிறகு கதகதப்பாக, பிறகு ஊர்க்காற்று மாதிரியே வந்தது. மேலே ஏறுகிறது, ஏறட்டும், மேல் அறைக்குப் போகட்டும், தொட்டிலைச் சுற்றிவரட்டும். போதுமா, இன்னும் நேரம் வேண்டுமா, கார் இப்போது எந்த ரோட்டில் வருகிறது, வழியில் ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தால் நல்லது, விழ வேண்டாம், பிள்ளை காருக்குள் எதற்கு நிற்க வேண்டும், மாப்பிள்ளை மெதுவாக ஓட்டட்டும், சீக்கிரம் வரட்டும். மனசு இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தது. சம்பந்தி குல்லாவைக் கழற்றினார், ஒரு கோட்டைக் கழற்றினார், இன்னொரு கோட்டையும் கழற்றினார். உள்ளே சாதாரண மனுஷர்தான் இருந்தார், தலையில் நாலு நரைமயிர் குத்திட்டு நின்றது.

கதவு திறந்து முதலில் வடிவுதான் உள்ளே வந்தாள். “ஏ யப்பா, என்ன இது, கத்திரி வெயிலக் கப்பல்ல ஏத்திக் கூட்டியாந்தீகளா? இந்த வேக்காடு வேகுது!” மாப்பிள்ளை சுவர்ப்பெட்டியைப் பார்த்தார், பிறகு ரெண்டு பெரியவர்களையும் பார்த்தார், பெரியவர்கள் ரெண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். பூரணி மெல்ல வந்து சோபாவில் சாய்ந்து, “அப்பா, எவ்வளவு இதமா இருக்கு,” என்று கண்ணை மூடிக்கொண்டாள். அது போதும், அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் நாலு தகரக் கதவைத் தூக்கி மாட்டலாம். வடிவு கூடையிலிருந்து பிள்ளையை எடுத்தாள். போர்த்தியிருந்ததைப் பிரித்து, நேராக அணைஞ்சபெருமாளிடம் போனாள். “அண்ணாச்சி, பிடிங்க உங்க பேத்திய.” அதுதான் முறை, பையனைப் பெற்றவர்தான் முதலில் வாங்க வேண்டும். யாரும் சொல்லாமலே சங்கரநயினார் ஏற்கெனவே ரெண்டு எட்டு பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார், நிச்சயதார்த்தத்தில் நின்ற இடம், கல்யாணப் பந்தியில் நின்ற இடம், பழகின இடம்தான். இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம், அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் பாதமாவது தெரியும். வருத்தமொன்றும் இல்லை என்று மனசிடம் சொன்னார். மனசு கேட்டுக்கொண்ட மாதிரி நடித்தது. அணைஞ்சபெருமாள் ரெண்டு கையையும் நீட்டினார். நீட்டின கையை மறுபடி மடக்கிக்கொண்டார். “எனக்குக் கை நடுங்குது தங்கச்சி,” என்றார். “மொதல்ல மச்சான் கையில குடு.”

அந்தக் கை நடுங்கவே இல்லை என்பதைச் சங்கரநயினார் பார்த்தார். கல் மாதிரி நின்றது. வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை, அண்ணாச்சியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு வந்து இவர் கையில் வைத்தாள். கனமே இல்லை. ஆனால் சூடு. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் அந்தச் சூடு ஏறிற்று. சின்ன வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது, கண்ணைத் திறந்து இவரைப் பார்த்தது, யாருடா இந்த ஆள் என்று கேட்கிற மாதிரி. எனக்குத்தான் முதலில், எனக்கு, பெண்ணைப் பெற்றவனுக்கு. பக்கத்தில் வந்து நின்ற அணைஞ்சபெருமாள் பிள்ளையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே, இவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “என்ன வே, அழுதீரா?” என்றார்.

“அழல வே,” என்றார் சங்கரநயினார். “வேர்க்குது.”

“எனக்குந்தான்,” என்று அணைஞ்சபெருமாள் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.